வலி எத்தனை, மகாராஜா?

ரொம்ப காலத்துக்கு முன்னாலே, கரும்பனூர்ச் சீமையைத் திம்மராயன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான், ஆனால் மூக்குக்கு மேலே கோபம், தலைக்கு மேலே கௌரவம். ஒருநாள் அவன் மோதிர விரலில் நகச்சுற்று வந்து வீங்கிவிட்டது.

ஊருக்குப் புதிதாக வந்திருந்த வெள்ளைக்கார வைத்தியர் தாமசு துரையைச் சபைக்கு அழைத்தார்கள். துரைக்குத் தமிழ் தெரியாது. அவர் பேச்சை எடுத்துச் சொல்ல துபாஷி கோனேரி இருந்தான். மந்திரி வெள்ளையப்பரின் பதவி மேல் அவனுக்கு வெகுநாளாக ஒரு கண்.

"வலி எத்தனை என்று துரை கேட்கிறார், மகாராஜா. ஒன்று முதல் பத்துக்குள் சொல்லவேண்டும்" என்றான் கோனேரி.

வெள்ளையப்பருக்கு வியப்பாக இருந்தது. நெல்லை மரக்காலால் அளக்கலாம், எண்ணெயை உழக்கால் அளக்கலாம், வலியை எதால் அளப்பது?

ராஜா யோசித்தான். "இதுவரை யாராவது சொன்னதுண்டா?"

"குதிரைக்காரன் ஒன்பது சொன்னான்."

"குதிரைக்காரனுக்கே ஒன்பதா? அப்போ எனக்குப் பத்து!"

துரையின் முகம் மாறியது. விஷம் கைக்கு ஏறிவிட்டது போலிருக்கிறது, விரலை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று சொல்லி, பெட்டியிலிருந்து சின்ன ரம்பத்தை எடுத்தார். ராஜாவுக்கு வியர்த்துக் கொட்டியது. சபையின் முன்னால் சொன்ன எண்ணை எப்படிக் குறைப்பது?

வெள்ளையப்பர் குறுக்கிட்டார். "கொஞ்சம் பொறுங்கள். வலி எப்படி இருக்கிறது, மகாராஜா? குத்துதா, குடையுதா, கடுக்குதா?"

"விண்விண்ணுன்னு தெறிக்குதய்யா!"

"துரையிடம் சொல்லும், ஓய்."

"எதுக்கு?" என்று கோனேரி உதட்டைப் பிதுக்கினான். "இங்கிலீஷில் வலின்னா வலிதான். எத்தனைன்னு கேட்பது நாகரிகம், எப்படின்னு கேட்பது பட்டிக்காட்டுத்தனம்."

வெள்ளையப்பர் எழுந்தார். ராஜாவுக்குக் காணிக்கையாக யாரோ வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து நறுக்கி, அன்று காலைதான் சவரம் செய்திருந்த கோனேரியின் தாடையில் பிழிந்தார்.

"ஐயையோ! எரியுதே! காந்துதே!"

"எத்தனை, ஓய்?"

"எத்தனையாவது, மண்ணாவது! பச்சை மிளகாயை அரைச்சுப் பூசினாப்பல எரியுதுய்யா!"

சபை குலுங்கிச் சிரித்தது. துரை ஒன்றும் புரியாமல் கோனேரியின் தோளைத் தொட்டு விசாரித்தார். "ஒரு சொல் விடாமல் சொல்" என்று ராஜா அதட்டினான். வேறு வழியில்லாமல் கோனேரி எரிச்சலையும் சொன்னான், ராஜாவின் விண்விண்ணையும் சொன்னான்.

துரை ரம்பத்தைக் கீழே போட்டார். "தெறிக்கிறதா? அதற்கு எங்கள் மொழியிலும் சொல் உண்டே! எரிவதற்கு உண்டு, குத்துவதற்கு உண்டு. இந்தத் துபாஷி எனக்கு வலி என்ற ஒன்றைத்தானே கொண்டுவந்து கொடுத்தார்? தெறித்தால் உள்ளே சீழ் கோத்திருக்கிறது. ஊசி முனை போதும்."

அப்படியே ஆயிற்று. சீழ் வெளியேறியதும் ராஜா அப்பாடா என்று சாய்ந்தான். வெள்ளையப்பருக்குத் தன் முத்துமாலையைக் கழற்றிப் போட்டான். கோனேரியைப் பார்த்து, "இனி துரையிடம் வருகிற ஒவ்வொருவரும் எப்படி வலிக்குதுன்னு சொல்லி முடிக்கிறவரை நீ வாய் திறக்கக் கூடாது" என்றான். மறுநாளே இடுப்பு வலிக்காரிகள் தங்கள் வலியை விலாவாரியாகச் சொல்லக் கூட்டமாக வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

அன்று சபை கலைந்ததும் வெள்ளையப்பர் கேட்டார். "உண்மையில் எத்தனை, மகாராஜா?"

ராஜா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அவர் காதருகே குனிந்தான்.

"நாலுக்கு மேலே இல்லைய்யா. ஆனா நாலுன்னு சொன்னா குதிரைக்காரன் என்ன நினைப்பான்?"