தோளில் ஒரு வெள்ளை

தலை நரைத்த சீடர் ஒருவர் இருந்தார். அவருடைய குருவுக்கு அவரைவிட வயது குறைவு. சீடர், தோள் அறுவை மருத்துவர் தில்லைநாயகம். குரு, அதே ஆஸ்பத்திரியில் ஸ்கேன் படம் பார்த்து அறிக்கை எழுதும் டாக்டர் ஜுபைதா. கத்தி பிடித்த கைக்குப் படம் பார்க்கவும் தெரிய வேண்டும் என்று தில்லைநாயகத்துக்கு ஆசை. ஓய்வு கிடைத்தால் அந்த அம்மாவின் அறைக்கு வந்து உட்கார்ந்துவிடுவார்.

அன்று வந்தவர் உட்காரவில்லை.

"எம்.ஆர்.ஐ. பாத்தீங்களா மேடம்? என் தையல் விட்டுப்போச்சு."

நீச்சல் பயிற்சியாளர் செபாஸ்தியம்மாளின் தோள் அது. அறுந்த தசைநாணை எலும்போடு சேர்த்துத் தைத்தவர் தில்லைநாயகம்தான். தைத்து மூன்று மாதம்தான் ஆகிறது. புதுப் படத்தில், கறுப்பாக இருக்க வேண்டிய தசைநாண் நடுவே வெள்ளை பூத்திருந்தது. பார்த்த உடனே, கிழிந்துவிட்டது என்று அவளிடம் சொல்லியும் விட்டார். அவள் இப்போது வெறும் வயிற்றோடு ஆபரேஷன் தியேட்டரில் படுத்திருக்கிறாள். மறுபடி திறந்தால் அந்தக் கை இனி நீந்துமா என்பது அவருக்கே தெரியாது.

ஜுபைதா படங்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தார். அவசரமே படவில்லை. அதுவே தில்லைநாயகத்துக்கு எரிச்சலாக இருந்தது.

"கையத் தூக்குறாங்களா?"

"தூக்குறாங்க. போன மாசத்துக்கு இப்ப பரவாயில்ல."

"தசைநாண் எலும்ப விட்டு விலகியிருக்கா? இடைவெளி எங்கயாவது தெரியுதா?"

தில்லைநாயகம் குனிந்து தேடினார். திரையில் மூக்கு இடிக்காத குறை.

"இல்ல. ஆனா வெள்ளையா இருக்கே. வெள்ளைன்னா கிழிசல்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

"கத்தி படாத தோளுக்குச் சொன்னேன்."

"அப்ப இது என்ன?"

ஜுபைதா, மேசையில் இருந்த பிளாஸ்க்கைத் திறந்து, டம்ளரில் டீ ஊற்றி நீட்டினார். ஆவி பறந்தது.

"குடிங்க."

"டீ குடிக்கிற நேரமா இது? அங்க எனக்காகக் காத்திருக்காங்க."

"குடிங்க டாக்டர்."

குடித்துத் தொலைத்தால்தான் பேச்சு நகரும் என்று ஒரே மடக்காக வாயில் ஊற்றினார். நாக்கு வெந்துபோயிற்று. கண்ணில் நீர் முட்ட, டம்ளரை மேசையில் வைத்தார்.

"டீ சரியில்லையா? கொட்டிட்டு வேற போடச் சொல்லட்டுமா?"

"டீ நல்லாத்தான் இருக்கு மேடம்," என்றார் எரிச்சலோடு. "கொஞ்சம் ஆறட்டும்."

அப்போது அவர் போன் அடித்தது. தியேட்டரிலிருந்து.

"சார், எல்லாம் ரெடி. மயக்கம் குடுத்துடலாமா?"

தில்லைநாயகம் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

"நான் என்ன சொல்லட்டும் மேடம்?"

"டீக்கு இப்ப என்கிட்ட சொன்னதையே சொல்லுங்க," என்றார் ஜுபைதா.