புதன்கிழமைச் சால்வை

ஆற்றங்கரை மடத்துச் சாமிக்கு வயது முப்பத்தெட்டு. அவருடைய சீடர் வக்கீல் பூதலிங்கத்துக்கு அறுபது. ஞானம் என்ன, வயசைக் கேட்டுக்கொண்டா வருகிறது? ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், வக்கீல் வந்து சாமி காலில் விழுந்துவிடுவார்.

அந்த ஞாயிறு கையில் ஒரு பட்டுச் சால்வையோடு வந்தார்.

"எங்க ஜட்ஜம்மா ஓய்வு பெறுறாங்க சாமி. வர்ற வெள்ளிதான் கடைசி நாள். அப்பேர்ப்பட்டவங்களுக்கு எப்படி மரியாதை செஞ்சாத் தகும்?"

"அப்படி என்ன செஞ்சாங்க?"

வக்கீல் முகம் மலர்ந்துவிட்டது. "அவங்க வர்றதுக்கு முந்தி எங்க கோர்ட்டுல சிவில் கேசுன்னா வாய்தாவுக்கு மேல வாய்தா. தாத்தா போட்ட கேசுக்குப் பேரன் வந்து நிப்பான். இவங்க வந்ததும், காரணம் எழுதிக் கொடுக்காம வாய்தா கிடையாதுன்னுட்டாங்க. எந்தக் கேசு எத்தனை மணிக்குன்னு முந்தின நாளே வாசல்ல ஒட்டிட்டாங்க. முதல்ல நாங்களே சண்டைக்குப் போனோம். இப்ப கையெடுத்துக் கும்பிடுறோம்."

"நல்லது. விழா என்னிக்கு?"

"புதன்கிழமை காலை பத்தரைக்கு. நீங்கதான் ஆசியுரை."

"பத்தரைக்குக் கோர்ட்டு இருக்குமே?"

"அன்னிக்கு யாரும் கேசு நடத்துறதில்லைன்னு சங்கத்துல தீர்மானம் போட்டாச்சு. எல்லாத்துக்கும் வாய்தாதான். ஜட்ஜம்மாவுக்கு இன்னும் சொல்லலை. திடீர்னு பார்த்துச் சந்தோஷப்படட்டுமே!"

சொல்லும்போது மனுஷனுக்குக் கொஞ்சமும் உறைக்கவில்லை பாருங்கள்.

சாமி சிரிக்கவில்லை. சால்வையை வாங்கி வைத்துக்கொண்டு, "சாப்பிட்டுட்டுப் பேசுவோம்," என்றார்.

பந்தியில் நாற்பது பேர். வக்கீலுக்குப் பக்கத்து இலையில் பேச்சித்தாய். அவருடைய கட்சிக்காரிதான். வயலுக்குப் போகும் பாதையைப் பக்கத்து வயல்காரன் அடைத்துவிட்டான். கேசு தொடங்கிப் பத்தொன்பது வருஷம். புதன்கிழமை கடைசி வாதம். அது முடிந்தால் வெள்ளிக்கிழமை தீர்ப்பு என்று அந்த நீதிபதி சொல்லியிருந்தார். தவறினால் புது நீதிபதி வந்து மறுபடி வாதம் முதலிலிருந்து.

"புதன்கிழமை காலைலயே வந்திரணும்லா ஐயா?" என்று கேட்டாள்.

வக்கீல் இலையில் தண்ணீர் தெளிப்பதில் மும்முரமானார்.

கோமு சோற்று வாளியோடு வந்தாள். முன்பெல்லாம் மடத்தில் பெரிய மனுஷர் யாராவது வந்து உட்கார்ந்தால்தான் பந்தி. பசித்தவன் மணிக்கணக்கில் காத்துக் கிடப்பான். கோமு சமையலுக்கு வந்ததும் அதை ஒழித்தாள். பன்னிரண்டு அடித்தால், யார் வந்தாலும் வராவிட்டாலும், இலையில் சோறு விழும்.

"நில்லு கோமு," என்று சாமி எழுந்தார். சால்வையை விரித்து அவள் தோளில் போர்த்தினார். "பசிச்சவங்களைக் காக்க வைக்காத புண்ணியவதி இவ. இவளைப் பத்தி நாலு வார்த்தை பேசணும். அதுவரைக்கும் பந்தி நிக்கட்டும்."

பேசினார், பேசினார், அரைமணி நேரம் பேசினார். சோறு ஆறியது. ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. பேச்சித்தாய் வெற்று இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோமுவுக்குப் பொறுக்கவில்லை. "நல்ல கூத்தாவுல்லா இருக்கு! சனம் பசியில கிடக்கு, எனக்கு என்ன சால்வை வேண்டிக்கிடக்கு? எம்மேல பிரியம் இருந்தா வழியை விடுங்க சாமி, சோத்தைப் போடுறேன்." சால்வையை உருவி வக்கீல் மடியில் போட்டுவிட்டு வாளியைத் தூக்கினாள்.

வக்கீலுக்குச் சோறு இறங்கவில்லை. அறுபது வயசில் அப்படி ஒரு வெட்கம். கை கழுவியதும் நேரே பேச்சித்தாயிடம் போய், "புதன் பத்து மணிக்கே வந்துரு தாயி," என்றார். பிறகு சாமி முன்னால் வந்து நின்றார்.

"தீர்மானத்தை இன்னிக்கே ரத்து பண்ண வைக்கிறேன் சாமி. ஆனா அந்தம்மாவுக்கு நாங்க ஏதாவது செஞ்சாகணுமே. இந்தச் சால்வையை நான் என்ன செய்ய?"

"பேச்சித்தாயோட கேசுக் கட்டு எப்படி இருக்கு?"

"பத்தொன்பது வருஷக் கட்டுல்லா? உறை கிழிஞ்சு தாளெல்லாம் உதிருது."

"அப்ப அதைச் சால்வையில சுத்திக் கொண்டுபோங்க. புதன்கிழமை பத்தரைக்கு அவங்க முன்னால பிரிங்க."