வாத்தியார் விரலைக் காப்பாற்றியது யார்?

பொன்னாடை ஒன்று, அதற்குத் தகுந்த தோள்கள் மூன்று. எங்கள் ஊரில் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது. பாதியில் கண்ணயர்ந்துவிட்டு, "யார் அந்த ஜெபக்கனி?" என்று என்னைக் கேட்கக் கூடாது.

உடன்குடிப் பக்கம் எங்கள் ஊர். கருப்பட்டி என்று சொன்னால் எங்களுக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறும், ஒத்துக்கொள்கிறேன். பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியார் ஞானசிகாமணியும் எங்களுக்கு அப்படித்தான். சுதந்திர தினத்தன்று பிள்ளைகளை அணிவகுக்க வைத்து முன்னால் நடந்து வருவார் பாருங்கள், பார்க்கிற நமக்கு முதுகு தானாக நிமிரும். அவருக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை நோய். மாத்திரை ஒழுங்காகப் போடுவார். ஆனால் சாயங்காலம் நாலு மணிக்கு ஜெபக்கனியின் கருப்பட்டிக் கடையில் ஒரு டம்ளர் காப்பி குடிக்காவிட்டால் அவருக்குப் பொழுது போகாது. சீனிதான் ஆகாது, கருப்பட்டி ஒன்றும் செய்யாது என்று ஜெபக்கனி இருபது வருஷமாக ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தாள். தெரிந்து பொய் சொல்லவில்லை. அவள் அப்பா சொன்னார், அவள் நம்பினாள், நாங்களும் நம்பினோம்.

ஜூன் மாதம் வாத்தியார் ஷூவைக் கழற்றும்போது, பக்கத்தில் இருந்த மைத்துனன் கோயில்பிள்ளை அவருடைய காலுறையில் ரத்தத்தைப் பார்த்தான். ஷூவுக்குள் கிடந்த ஒரு சின்னக் கல் பெருவிரலை அறுத்திருக்கிறது. வாத்தியாருக்கு வலியே தெரியவில்லை. கோயில்பிள்ளை கத்திக் கூப்பாடு போட்டு, அவரைப் பைக்கில் உட்காரவைத்து டாக்டரிடம் கொண்டுபோனான். டாக்டர் புண்ணைச் சுத்தம் செய்துவிட்டு, சர்க்கரை இறங்கினால்தான் இது ஆறும், ஆறாவிட்டால் விரலை எடுக்க வேண்டி வரலாம் என்று சொல்லிவிட்டார். வாத்தியாருக்கு அன்று சோறு இறங்கவில்லை. விரல் போனால் அணிவகுப்பு என்னாவது என்பதுதான் அவர் கவலை.

மறுநாளே கோயில்பிள்ளை ஒரு பொட்டலம் பொடியோடு வந்து நின்றான். மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு இதைச் சாப்பிட வேண்டுமாம். செல்போனில் ஒரு வீடியோவும் காட்டினான். அதில் நாற்பது பேர் வரிசையாக வந்து, தங்களுக்குக் குணமானதைக் கண்ணீரோடு சொன்னார்கள். அவனுக்கு இதில் பத்துப் பைசா லாபம் கிடையாது. அத்தான் மேல் உயிரையே வைத்திருந்தான்.

தினமும் புண்ணுக்குக் கட்டு மாற்றுவது எங்கள் ஊர் நர்சு பேச்சித்தாய். சின்ன வயசு, அதிகம் பேச மாட்டாள். வாத்தியார் அவளிடம் பொடியைக் காட்டினார்.

"எனக்குத் தெரியாது சார். டாக்டர்கிட்ட கேட்டு வியாழக்கிழமை சொல்லுதேன். அதுவரை மாத்திரையை நிறுத்தாதீங்க."

நர்சுக்கே தெரியாதாம் என்று ஊர் சிரித்தது. நானும் சிரித்தேன், மறைப்பானேன். வியாழக்கிழமை அவள் சொன்னபடி வந்தாள். பொட்டலத்தில் என்ன சரக்கு இருக்கிறது என்றே எழுதவில்லை, அது வேண்டாம் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னாள். பிறகு வாத்தியார் காலையிலிருந்து ராத்திரிவரை என்னென்ன சாப்பிடுகிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நாலு மணிக் காப்பி அப்போதுதான் வெளியே வந்தது. கருப்பட்டியும் சர்க்கரையை ஏற்றும் என்றாள்.

இது ஜெபக்கனி காதுக்குப் போக எவ்வளவு நேரமாகும்? என் கடைக்கு வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும் என்று கொதித்துவிட்டாள். பேச்சித்தாய் மறுநாள் நாலு மணிக்கு ரத்தத்தில் சர்க்கரை பார்க்கிற கருவியோடு கடைக்கே போய்விட்டாள். வாத்தியார் வழக்கமாகக் குடிக்கிற காப்பிதானே, குடிக்கட்டும், அளந்து பார்ப்போம் என்றாள். அந்தப் பொடியையும் இப்படி அளந்து பார்க்கலாமா என்று கோயில்பிள்ளையைக் கேட்டதற்கு, அதெல்லாம் மிஷினில் தெரியாது, நம்பிக்கையோடு சாப்பிட வேண்டும் என்று அவன் சொல்லிவிட்டான்.

காப்பிக்கு முன்னால் நூற்று ஐம்பத்திரண்டு. வேறெதுவும் வாயில் படாமல் இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் இருநூற்று எழுபத்து நாலு. ஜெபக்கனி நம்பவில்லை, இன்னொரு விரலில் குத்தச் சொன்னாள். இருநூற்று எழுபத்தொன்று. கடை நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"என் கருப்பட்டி சுத்தமான கருப்பட்டி. பொய் சொல்லி விக்க வேண்டிய சரக்கு இல்ல" என்றாள். அப்போதே ஒரு பலகையை எடுத்து, சர்க்கரை நோய்க்காரர்களுக்குக் கருப்பட்டியும் ஆகாது என்று தன் கையாலேயே எழுதிக் கடை வாசலில் மாட்டினாள். அந்த நேரத்தில் எங்களுக்கு வந்த பெருமை இருக்கிறதே, சொல்லி மாளாது.

காப்பி நின்றது, மாத்திரையும் கட்டும் நிற்கவில்லை. ஆகஸ்டுக்குள் புண் மூடிவிட்டது. பதினைந்தாம் தேதி ஐந்து விரலோடு வாத்தியார் பிள்ளைகளுக்கு முன்னால் நடந்து வந்தார். கொடியேற்றம் முடிந்ததும், என் விரலைக் காப்பாற்றியவருக்கு என்று ஒரு பொன்னாடையை எடுத்தவர், எடுத்த இடத்திலேயே திகைத்து நின்றுவிட்டார். புண்ணை முதலில் பார்த்து டாக்டரிடம் இழுத்துப் போனவன் கோயில்பிள்ளை. தன் சரக்கைத் தானே வேண்டாம் என்று எழுதியவள் ஜெபக்கனி. தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றவள் பேச்சித்தாய். நீங்களாக இருந்தால் யாருக்குப் போர்த்துவீர்கள்?

விடை: கோயில்பிள்ளையின் கண்ணுக்கு நன்றி சொல்லலாம், அவன் யோசனையை ஏற்க முடியாது. அன்பு இருந்தது, அளந்து பார்க்கத்தான் மனசு வரவில்லை. அந்த நாற்பது பேரில் ஒருவரையாவது அவன் நேரில் பார்த்ததும் இல்லை. ஊரில் பாதிப்பேர் ஜெபக்கனி பெயரைச் சொன்னோம். வாத்தியாரும் அவள் பக்கம்தான் திரும்பினார். அவள் பொன்னாடையை வாங்கினாள், நேரே போய்ப் பேச்சித்தாயின் தோளில் போட்டாள். "நான் இருபது வருஷமா தெரியாததைத் தெரியும்னு சொன்னேன். இந்தப் பிள்ளை தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லிச்சு. இனி எனக்கு உடம்புக்கு முடியலைன்னா இவகிட்டதான் கேப்பேன்" என்றாள்.