கன்னிமூலை மதில்

சபாநாயகம் தன் குருவைப் பார்க்க மூன்று தெரு தள்ளிக் காரில் வந்து இறங்கினார். அந்தக் குடியிருப்பு நகருக்கு வரைபடம் போட்டவர் அவர்தான். குரு அவரைவிடப் பத்து வயது இளையவர். கடைசித் தெருவில் நகரின் சுற்றுமதிலை ஒட்டிய வீட்டில் தனியாக இருக்கும் மரகதம்மா.

"மனசே சரியில்லம்மா" என்றார் சபாநாயகம். "ஞாயித்துக்கிழமை சங்கக் கூட்டம். என் நடைபாதையைப் பெயர்த்துட்டு, கார் நிறுத்த இடம் பண்ணப் போறாங்களாம்."

அந்தப் பாதை அவர் உயிர். கருங்கல் பதித்து, இரு பக்கமும் புங்கமரம் வைத்து, பத்தடிக்கு ஒரு விளக்கு போட்டிருந்தார். காலையில் அதில் நடக்க நாலு பேர் வருவார்கள். நாலு பேரும் காரில் வருவார்கள்.

"அந்தப் பாதை எங்க போகுது?" என்று குரு கேட்டார்.

"பூங்காவைச் சுத்திட்டு, கிளம்பின இடத்துக்கே வந்துடும்."

"அங்க என்ன இருக்கு?"

சபாநாயகம் யோசித்தார். "அவங்க கார்."

குரு சிரிக்கவில்லை. நானாக இருந்தால் சிரிக்காமல் இருக்க முடிந்திருக்காது.

"ஜனங்களை எப்படிம்மா நடக்க வைக்கிறது?"

"அடுப்புல ரசம் இருக்கு. அஞ்சலை கடையில ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

அஞ்சலை கடை மதிலுக்கு அந்தப் பக்கம். அங்கே வடை போட்டால் இங்கே மூக்கில் ஏறும். சபாநாயகம் கார் சாவியை எடுத்தார். மெயின் கேட், சர்வீஸ் ரோடு, பைபாஸ் பாலம், பாலத்துக்கு அப்பால் ஒரு யூ டர்ன், பிறகு ரயில்வே கேட். கேட் போட்டிருந்தார்கள். ஒரு கூட்ஸ் வண்டி அவசரமில்லாமல் போனது.

ஒருவழியாகக் கடை வாசலில் இறங்கினால், மதிலுக்கு மேலே குருவின் தலை தெரிந்தது. கையில் கொத்தமல்லி.

"ரசம் இறக்கியாச்சு" என்றார் குரு. "காரை அங்கயே விட்டுட்டு இப்படி வாங்க. சாப்பிடலாம்."

மதிலின் கடைப் பக்கம் ஒரு ஸ்டூல் கிடந்தது. குரு ஏறி நின்றது இன்னொன்றில்.

"இது யார் பண்ண வேலை?" சபாநாயகத்துக்குக் கோபம் வந்துவிட்டது.

"உங்க நகர் ஆளுங்கதான் சார்" என்றாள் அஞ்சலை. "நான் ஏறி இறங்கினா என் முட்டி என்னத்துக்கு ஆகும்?"

ரயில்வே கேட் மறுபடி விழும் மணிச்சத்தம் கேட்டது. சபாநாயகம் வேட்டியை மடித்துக் கட்டி ஏறினார். உச்சியில் வேட்டி ஒரு கம்பியில் மாட்டிக்கொண்டது. குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி மதில்மேல் உட்கார்ந்துவிட்டார். மானம் போயிற்று.

உள்பக்கம் குருவுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். முதலில் சங்கச் செயலாளர், கையில் தூக்குவாளியோடு. கார் நிறுத்தத் தீர்மானம் கொண்டுவந்தவரே அவர்தான்.

"சார், கொஞ்சம் சீக்கிரம். வடை தீர்ந்துடும்."

"நடந்தா வந்தீங்க?"

"பின்ன? இத்தனை கிட்டத்துக்கு யாராவது காரை எடுப்பாங்களா?"

சபாநாயகம் வேட்டியைக் கம்பியிலிருந்து எடுக்கப் பார்த்தார். அவர் முதலில் போட்ட வரைபடத்தில் அதே இடத்தில் ஒரு சின்ன வாசல் இருந்தது. தென்மேற்கில், கன்னிமூலையில், வாசல் வைத்தால் வாஸ்துப்படி ஆகாது, ஒரு மனைகூட விற்காது என்று மனை விற்றவர்கள் சொன்னார்கள். அவரே அழித்தார். அது இப்போது ஞாபகம் வந்து வெட்கமாக இருந்தது.

"கூட்டத்துல நான் என்ன பேசட்டும்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பாதையைப் பூங்காவோட நிறுத்தாம இதுவரைக்கும் இழுக்கணும்னு சொல்லுங்க. இங்க ஒரு வாசல் கேளுங்க."

"கன்னிமூலையில வாசலான்னு சண்டைக்கு வருவாங்களேம்மா."

குரு திரும்பி வரிசையைப் பார்த்தார்.

"யாரு, இவங்களா?"