மிதவைக் கோடு

மிராண்டா முதலாளிக்குப் பதினோரு விசைப்படகு. வாய் அதைவிடப் பெரிசு. கடல் சூடேறிப் பவளப்பாறை வெளுத்துப்போன வருஷம், அரசாங்கம் ஊருக்கு எதிரே இருக்கும் தீவைச் சுற்றி மிதவை போட்டு, உள்ளே வலை விடக்கூடாதென்றது. நாலு வருஷம் கழித்து, மிதவையை எடுக்கச் சொல்லி மனுவோடு கலெக்டர் கூட்டத்துக்கு வந்தார் முதலாளி.

"தண்ணியில ஏதுங்க வேலி? மீனுக்குக் கோடு தெரியும்னு யாராவது காட்டுங்க, மனுவைக் கிழிச்சிடுதேன்!"

கூட்டத்தில் அவரிடம் மீன் பிரிக்கும் பிரகாசி மட்டும் எழுந்தாள், பாருங்கள்!

"முதலாளி, மீன் நல்லாப் படுற இடத்தை படகு டிரைவர் அண்ணன் ஜிபிஎஸ்ல குறிச்சு வப்பாரே, அதைக் காட்டச் சொல்லுங்க."

கூட வந்திருந்த டிரைவர் தயங்கியபடி கருவியை நீட்டினார். அத்தனை புள்ளியும் மிதவைகளுக்கு வெளியே, ஒட்டினாற்போல, மாலை கோத்த மாதிரி இருந்தது.

"மீனுக்குத் தெரியுமோ என்னமோ, உங்க பதினோரு படகுக்கும் கோடு அத்துப்படி. உள்ள வளந்து வெளிய வர்றதைத்தான அள்ளுதீங்க? மத்த இடத்து மீன் விரல் நீளம், இது முழ நீளம். பிரிக்கிற கைக்குத் தெரியாதா?"

கலெக்டர் மனுவுக்குக் கை நீட்டினார். மிராண்டா அதைத் தாமே கிழித்தார்.

"வடக்கு மிதவையில கயிறு இத்துக் கெடக்கு," என்றார் மெதுவாக. "நாளைக்கே நான் மாத்திடுதேன்."