ஆறாவது செண்பகம்

"அஞ்சாவது செண்பகமும் செத்துப்போச்சு, தாயி. என்னதான் செய்யணும், சொல்லு."

பூவலிங்கம் காய்ந்த கன்றைத் தொட்டியோடு தூக்கி வந்து முத்திருளாயியின் முன்னால் வைத்தார்.

அவருக்கு அறுபத்தாறு வயது. அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. பெருநாழிக்குத் தெற்கே, வானம் பார்த்த பூமியில் நர்சரி வைத்திருந்தாள். அந்த வறட்சியிலும் செடி வளர்க்கத் தெரிந்தவள் என்பதால் வயதைப் பார்க்காமல் எல்லோரும் அவளிடம் யோசனை கேட்டார்கள். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்ல மாட்டாள் என்று திட்டிக்கொண்டேதான் வருவார்கள்.

"எம்புட்டுத் தண்ணி ஊத்துனீக?"

"தினம் நாலு கொடம். நான் குளிக்கிறதையே பாதியாக் கொறச்சுட்டேன்."

"யாருக்காக இந்தச் செண்பகம்?"

பெரியவர் கன்றிலிருந்து காய்ந்த இலை ஒன்றைக் கிள்ளி எடுத்தார்.

"இசக்கியம்மாளுக்கு."

இசக்கியம்மாள் அவர் மனைவி. குற்றாலத்துச் சாரல் விழும் ஊரில் பிறந்து, இந்தக் காய்ந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டவள். வந்த முதல் வாரமே வாசலில் ஒரு செண்பகம் வேண்டும் என்று கேட்டாள்.

"மழை வரட்டும், வைப்போம்" என்றார் பூவலிங்கம்.

முப்பத்தெட்டு வருஷம் அதையே சொன்னார். இடையில் மழை வராமலும் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் போய்விட்டாள். அதிலிருந்து அவருக்கு அந்த வாசலில் செண்பகம் பூத்தே ஆக வேண்டும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று ஊரில் பேசினார்கள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

முத்திருளாயி வேலியோரம் பூத்து நின்ற ஆவாரஞ்செடியைக் காட்டினாள்.

"அதை வைங்களேன். ஒரு கொடமும் கேக்காது."

"அதைக் காட்டாத." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோன்னு சொல்லுவாக. என் வாசல்ல பூத்துத்தான் நின்னுச்சு. தானா மொளச்சத அவதான் வெட்ட விடாம வச்சிருந்தா. சர்க்கரைக்கு நல்லதுன்னு தினம் அந்தப் பூவக் காய்ச்சிக் குடிச்சா. போயிட்டாளே. பதினாறாம் நாளே அத்தனையும் வெட்டி எறிஞ்சேன். இன்னைக்கும் ஒரு மொளை தெரிஞ்சாப் பிடுங்கிருவேன்."

முத்திருளாயி செத்த கன்றை எடுத்துக் குப்பையில் போட்டாள். வெறும் தொட்டியை அவர் கையில் கொடுத்தாள்.

"உங்க ஊர்ல யாரும் தண்ணி ஊத்தாத, யாரும் களை எடுக்காத எடம் எது, அய்யா?"

யோசித்தார்.

"சுடுகாடுதான்."

"அங்க என்ன பூத்திருக்குன்னு பாத்து, அதோட வெதைய இதுல கொண்டாங்க."

"அவளப் பொதைச்ச அன்னைக்குப் போனது. அதுக்கப்பறம் நான் அந்தப் பக்கம் போறதில்ல."

"அப்ப ஆறாவது செண்பகம் தாரேன். நாலு கொடம் ஊத்துங்க."

போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் அவர் எழுந்து போனார்.

பத்து நாள் சுடுகாட்டுப் பக்கம் போகவில்லை. வாசலில் குழி மட்டும் இருந்தது. காலையில் பழக்கத்தில் குடத்தைத் தூக்கி வந்து, ஊற்ற ஒன்றும் இல்லாமல் நிற்பார். அவளிடம் ஒரு வார்த்தை பேசினால் போதும் என்று இருந்தது. எங்கே போய்ப் பேசுவது என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது.

பதினோராம் நாள் தொட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

மேடுகள் எல்லாம் தரையோடு தரையாகக் கிடந்தன. அவளை எங்கே வைத்தோம் என்று அடையாளம் தெரியவில்லை. முப்பத்தெட்டு வருஷம் கூட இருந்தவளைக் கண்டுபிடிக்க முடியாமல், எருக்குக்கும் முள்ளுக்கும் நடுவே சித்திரை வெயிலில் அலைந்தார். வெட்கமாக இருந்தது. அழுதார்.

தலைமாட்டில் அவர் நட்ட கல் கடைசியில் தென்பட்டது. இடுப்பளவு வளர்ந்த ஆவாரஞ்செடி ஒன்று அதை மறைத்திருந்தது. கிளை முழுக்க மஞ்சள் பூ.

பழைய கோபத்தில் தூரைப் பிடித்து இழுத்தார். வரவில்லை.

இரண்டு கையாலும் இழுத்தார். அசையவில்லை.

வேர் எவ்வளவு ஆழம் போயிருக்கும் என்று நினைத்தார்.

கையை எடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் முத்திருளாயியிடம் தொட்டியை நீட்டினார். அடியில் காய்ந்த நெற்றுகள் நாலைந்து கிடந்தன.

"என்ன செடி?"

"எங்க வீட்டுச் செடி, தாயி. அவளப் பொதைச்ச அன்னைக்கு ஊர்ல வேற பூ கெடைக்கல. பொம்பளையாளுக எங்க வாசல் ஆவாரையத்தான் ஒடிச்சு அவ மேல போட்டாக. நெத்தோட போட்டிருக்காக."

"பிடுங்கலையா?"

"வேரு அவகிட்டப் போயிருக்கு. எப்பிடிப் பிடுங்குவேன்?"

முத்திருளாயி ஒரு நெற்றை எடுத்து உடைத்து, விதையை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள்.

"நல்லா வெளஞ்ச வெதைதான். ஐப்பசி வரைக்கும் பத்திரமா வைங்க அய்யா. மழை வரட்டும், வெதைப்போம்."

பூவலிங்கம் விதையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"மழையச் சொல்லிச் சொல்லியே அவள ஏமாத்திட்டேன், தாயி. இன்னைக்கே புழுதியில வெதைச்சுடுறேன். மழை வர்றப்ப வரட்டும்."