புல்கெருக்கு வாரிசு இல்லாமல் போனது ஏன்

“மூக்கு ஒழுகுகிற பிள்ளைக்கும் நான், கஞ்சிச் சட்டிக்கும் நானா? எனக்கென்று ஒரு மரியாதை கிடையாதா?”

அந்தக் காலத்தில், சொற்களுக்கே வாய் இருந்தபோது, ரோமாபுரியில் இப்படிக் கத்திக்கொண்டிருந்தவள் புல்கெர். லத்தீனில் ‘அழகான’ என்று அர்த்தம். கோயில் சிலை, தளபதியின் குதிரை, கவிஞரின் காதலி, இப்படிப்பட்ட இடங்களுக்கு மட்டும்தான் போவாள். மற்ற நாளெல்லாம் பீரோவில் மடித்து வைத்த பட்டுப்புடவைதான்.

அவள் தள்ளிவிட்ட வேலையெல்லாம், அதே ‘அழகான’ என்ற அர்த்தமுள்ள பெல்லுஸ் தலையில் விழும். ‘நல்ல’ என்ற சொல்லான போனுஸுக்குக் கடைக்குட்டி அவள். செல்லமாகச் சுருக்கிக் கூப்பிட்டதில் பிறந்தவள். ஆணென்றால் பெல்லுஸ், பெண்ணென்றால் பெல்லா, பொருளென்றால் பெல்லும் என்று மூன்று உடுப்பு வைத்துக்கொண்டு, மாற்றி மாற்றி ஓடுவாள்.

வாயில் புழங்காத சொல்லுக்கு வாரிசு கிடையாது என்று போனுஸ் தலைபாடாய் அடித்துக்கொண்டாள். புல்கெர் காதில் வாங்கினால்தானே.

ஒருநாள், இன்றைய பிரான்சுப் பக்கம் குடிபோக ஒரு சிப்பாயின் மனைவி செவேரா வண்டி கட்டினாள். இடுப்பில் குழந்தை, முகமெல்லாம் கஞ்சி. “ஏறிக்கொள்ளுங்கள் அக்கா, வழியில் இவனைக் கொஞ்ச ஒரு சொல் வேண்டும்” என்றாள்.

புல்கெர் ஓரடி பின்னால் நகர்ந்தாள். “முதலில் இவன் முகத்தைக் கழுவிக்கொண்டு வா.”

“கழுவிவிட்டால் எல்லாக் குழந்தையும் அழகுதான். அதற்கு நீங்கள் எதற்கு?” என்று சொல்லிவிட்டுச் செவேரா வண்டியை ஓட்டச் சொன்னாள்.

பெல்லுஸ் ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டாள். அவசரத்தில் பொருளுக்கான உடுப்பை எடுக்கவில்லை. மிச்ச இரண்டும் வண்டிக் குலுக்கலில் நைந்து பிரான்சில் ஆணுக்கு ‘போ’, பெண்ணுக்கு ‘பெல்’ என்று ஆயின. இத்தாலியில் தங்கிய பிள்ளைகள் பெல்லோவும் பெல்லாவும். ஸ்பெயினுக்கும் ருமேனியாவுக்கும் போன வண்டிகளில் ‘வடிவான’ என்ற ஃபொர்மோசுஸ் இடம் பிடித்துவிட்டாள். அவள் வாரிசுகள்தான் ஹெர்மோசோவும் ஃப்ருமோஸும். ஒரு வண்டியிலும் புல்கெர் இல்லை.

அன்று முதல்தான் பாரிசில் குழந்தையைக் கொஞ்சினாலும் ராணியைப் புகழ்ந்தாலும் அடுப்படிப் பெல்லுஸின் பேத்திகளே வந்து நிற்கிறார்கள். புல்கெர் லத்தீன் பாடப்புத்தகத்தில், அட்டவணைக் கட்டத்துக்குள், உடுப்பு கசங்காமல் உட்கார்ந்திருக்கிறாள். மணி அடித்துப் பிள்ளைகள் புத்தகத்தை மூடும்போதெல்லாம் கேட்கிறாள்:

“யார் வீட்டுக் குழந்தையானாலும் சரி, என்னைச் சொல்லி ஒரு தடவை கொஞ்சுங்களேன்.”